லியனார்ட் பெயரில் ஒரு குப்பி

மூன்றாம் மாடி ஆண்கள் கழிப்பறை வாசலில் மஞ்சள் பலகை நின்றது. தரை வழுக்கும், கவனம் என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. உள்ளே தங்கமணி குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைத் துடைப்பத்தால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே லியனார்ட் சுருட்டிய நாளிதழை அக்குளில் இடுக்கியபடி காத்திருந்தார். நாளிதழுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் விரல் நீளத்தில் ஒரு குப்பி. குப்பியின் மேல் ஒட்டிய தாளில் அவர் பெயரும் ஊழியர் எண்ணும் இருந்தன.

இன்னும் வகுப்புகள் தொடங்கவில்லை. ஆள் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்றுதான் சீக்கிரமே வந்தார். தங்கமணி அதைவிடச் சீக்கிரம் வருபவள் என்பதை மறந்துவிட்டார். பூச்சோங்கிலிருந்து துப்புரவுக் குத்தகை நிறுவனத்தின் வேன் வேலையாட்களை விடிவதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிடும்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே, ஈரம் காயட்டும். விழுந்து வச்சா என் தலையிலதான் விடியும்" என்றாள் உள்ளேயிருந்து.

லியனார்ட் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுவதும் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று அறிவித்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு குப்பி. மூடியோடு சேர்ந்த குச்சியால் மலத்தை நாலைந்து இடத்தில் தொட்டு, குப்பியில் போட்டு மூடி, அலுவலகத்துப் பெட்டியில் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தால் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஊழியர் என்றால் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் ஊழியர். தங்கமணியைப் போன்றவர்களுக்குக் குத்தகை நிறுவனம்தான் முதலாளி. அவர்களுக்குக் குப்பி கிடையாது, அவர்களும் கேட்கவில்லை.

மண்டபத்தில் ஒரு மருத்துவர் வந்து பேசினார். பேச்சு முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். புற்றுநோய் விதியா? இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாமா? ஆம். அறிகுறி இல்லாதவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? ஆம். லியனார்ட் எல்லாவற்றுக்கும் சரியான பதிலைக் குறித்துவிட்டு, பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு தன் குப்பியைக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஊருக்கு உபதேசம் சொல்ல நாக்கு இருந்தால் போதும், குப்பியைத் திறக்கத் தைரியம் வேண்டும்.

அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர். வயிற்று வலி என்று போனவரை மருத்துவமனையில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் வெகுநாள் இருக்கவில்லை. கத்தி பட்டால் காற்று உள்ளே போய்விடும், காற்றுப் போனால் பரவிவிடும் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு முழுக்கப் பேசிக்கொண்டது. லியனார்ட் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை அளந்து கொடுத்தவர், அந்தப் பேச்சை மட்டும் அளந்து பார்த்ததே இல்லை. தோண்டிப் பார்க்காதவரை ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி.

ஆனால் மாதவி விடுகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் குப்பிகளைச் சேர்க்கும் பொறுப்பு அவளுடையது. எந்தத் துறையிலிருந்து எல்லாக் குப்பியும் திரும்பி வருகிறதோ அந்தத் துறைக்கு டீன் கையால் கோப்பை. வேதியியல் துறையில் ஒரே ஒரு குப்பிதான் பாக்கி. வாட்ஸ்அப் குழுவில் அவள், அவர் பெயரைச் சொல்லாமல், 'நம்ம ஹீரோ இன்னும் வரலை' என்று தினமும் போட்டாள். பேராசிரியர்கள்கூடச் சிரிப்பு முகங்களைப் போட்டார்கள். காப்பிக்கடையில் அவரைப் பார்த்ததும் பேச்சு நின்று, பிறகு சிரிப்பு வந்தது.

தரை காய்ந்து, தங்கமணி பலகையை எடுத்ததும் லியனார்ட் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குப்பியின் மூடியைத் திருகினார். குச்சியின் நுனியைப் பார்த்தார். மறுபடியும் திருகி மூடினார். வெளியே வந்ததும், கை துடைக்கிற தாள்களுக்கு அடியில் பையைச் செருகிக் குப்பைக்கூடையை மூடிவிட்டு நடந்தார்.

குப்பைக்கூடையில் எதையும் மறைக்கலாம், அதைக் கொட்டுபவளிடமிருந்து மறைக்க முடியாது. சற்று நேரத்தில் தங்கமணி ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பை.

"அண்ணே, உங்க பேரு போட்டிருக்கு. புத்தம் புதுசு. தவறிப்போய் விழுந்துருச்சா?"

லியனார்ட் முதலில் ஆமாம் என்றார். பிறகு இல்லை என்றார். பிறகு, மற்ற யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். தன்னால் முடியவில்லை, பயமாக இருக்கிறது, அப்பா போன மாதிரி போக மனசு வரவில்லை என்றார். தங்கமணியிடம் அவருக்கு அந்த அளவு பழக்கம் உண்டு. அவளுடைய சோற்றுப் பொட்டலம் தினமும் ஆய்வுக்கூடத்துச் சிற்றறைக் குளிர்பெட்டியில்தான் இருக்கும். ஊறவைத்த வெந்தயத் தண்ணீர் ஒரு போத்தலும் கூடவே இருக்கும். குத்தகை ஆட்கள் அந்தக் குளிர்பெட்டியைத் தொடக்கூடாது என்று யாரோ புகார் செய்தபோது, அது தன் பொட்டலம்தான் என்று பொய் சொல்லிக் காப்பாற்றியவர் அவர்.

"இதுக்கா இவ்வளவு யோசன? நான் தரட்டா?" என்றாள்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"வேலைக்கு வந்த நாள்லேர்ந்து ஊர்ல உள்ளவங்க கழிச்சத அள்ளிக்கிட்டு இருக்கேன். என்னோடத ஒருத்தர் கேட்டு வாங்குனா எனக்குப் பெருமதான லா."

வேடிக்கைதான். ஆனால் அவள் போன பிறகு லியனார்ட் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். கட்டடத்தில் இவளை விடத் தெம்பான ஆள் யார் இருக்கிறார்கள்? மின்தூக்கி கெட்ட நாட்களில் இரண்டு வாளித் தண்ணீரோடு மாடிப்படி ஏறுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி இல்லை. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதில்லை. வெந்தயத் தண்ணீர் குடிக்கிறாள். இவளுடையது சுத்தமாகத்தான் இருக்கும். மாதவிக்குக் குப்பி, டீனுக்குக் கோப்பை, தனக்கு நிம்மதி. யாருக்கு என்ன நட்டம்?

மறுநாள் காலை அவள் பையை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். பெட்டியில் போட்டபோது மாதவி எழுந்து நின்று கைகுலுக்க வந்தாள். கையைக் கழுவவில்லை என்று சொல்லித் தப்பித்தார். அந்த வாரமே கோப்பை வந்து, துறையில் எல்லாருமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தொலைபேசி வந்தபோது லியனார்ட் மாணவர்களுக்குக் கண்ணாடிக் குழாய்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகக் கிளினிக்கிலிருந்து ஒரு தாதி பேசினாள். அவருடைய சோதனையில் இரத்தம் இருப்பதாக வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், மருத்துவரை உடனே வந்து பார்க்கவும் என்றாள். குழாய் எண்ணிக்கை தப்பிப்போனது. அடுத்த நொடி, அது தன்னுடையது இல்லை என்று நினைவு வந்தது. சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்திருப்பார், பக்கத்தில் மாணவர்கள் இல்லாவிட்டால். எண்ணிக்கொண்டிருந்த குழாய்களை வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பியபோதுதான், அது யாருடையது என்பதும் நினைவு வந்தது. கீழே தங்கமணி சைக்கிள் நிறுத்துமிடத்தில் காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி பெர்னடெட்டிடம் சொன்னார். முதல் பாதியைக் கேட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மீதிப் பாதியைச் சொன்னதும் அழுகை நின்று கோபம் வந்தது.

"இந்த வயசுல செய்யற வேலையா இது? ரிட்டயர் ஆகப் போற நேரத்துல டாக்டருகிட்டப் போய் ஆள மாத்திக் குடுத்தேன்னு சொன்னா, என்ன செய்வாங்கன்னு தெரியுமா? ஆக்‌ஷன் எடுப்பாங்க. பென்ஷன்ல கை வச்சா நடுத்தெருதான். அங்க வாயத் தொறக்காதீங்க." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொம்பளகிட்ட மட்டும் சொல்லிருங்க. அது பாவம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க லியனார்ட் முழந்தாளில் இருந்தார். யாருக்காக வேண்டுவது என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து மாணவர்கள் போனதும், தங்கமணி ஆய்வுக்கூடத்துத் தரையைத் துடைக்க வந்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அந்தக் குப்பி ரிசல்ட் வந்துருச்சு, தங்கமணி."

"என்னவாம்? பூச்சி கீச்சி இருக்காமா?"

"ரத்தம் இருக்காம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம்."

தங்கமணி துடைப்பத்தைப் பிழிவதை நிறுத்தவில்லை. "கண்ணுக்குத் தெரியாததா? எனக்குத் தெரியுதே" என்றாள்.

போன வருடத்திலிருந்தே தெரிகிறதாம். மூலம், சூட்டு உடம்பு, நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை, வேறென்ன வரும் என்றாள். வெந்தயத் தண்ணீர் அதற்காகத்தான். சீன மருந்து விற்கும் சின்சே கடையில் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறாள். நடுவில் நிற்கிறது, பிறகு வருகிறது. இப்போதெல்லாம் படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. மகள் வாணியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது?

"அப்புறம் ஏன் குடுத்தீங்க? தெரிஞ்சுக்கிட்டே?" லியனார்டின் குரல் உயர்ந்தது. பயத்தில் வந்த கோபம் அது.

"அவங்க தேடுறது புத்துநோய்தானண்ணே? மூலத்தத் தேடலையே. எனக்குத்தான் புத்துநோய் இல்லையே, அப்ப என்ன பயம்னு குடுத்தேன்."

மண்டபத்தில் மருத்துவர் சொன்னதையெல்லாம் இப்போது இவளுக்குச் சொன்னார். அந்தச் சோதனைக்கு மூலம் எது, புற்று எது என்று தெரியாது. அது இரத்தத்தை மட்டும்தான் பார்க்கும். மூலமாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குழாய் விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். எல்லாம் சரியான பதில்கள். கேட்கக் கேட்க அவள் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"அப்ப உங்களுக்கு டேட்டு குடுத்திருக்காங்களா?"

"டாக்டரப் பாத்ததும் குடுப்பாங்க. சீக்கிரமே செஞ்சிருவாங்களாம்."

"அப்ப அந்த டேட்ட எனக்குக் குடுங்கண்ணே. நான் போறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை.

"அது எப்படி முடியும்? என் பேரு, என் ஐசி கார்டு. நான் ஆம்பள. கையில பேரு எழுதுன பட்டை கட்டுவாங்க."

"பேர மாத்திக் குடுத்தப்ப ஒருத்தரும் கேக்கலையே" என்றாள் தங்கமணி.

குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. கடையில் வாங்கிய பொருளுக்குச் சீட்டுத் தரமாட்டேன் என்கிறார்களே என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். லியனார்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் காது வரைக்கும் சுட்டது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அவளுக்கே அந்தத் தேதியை வாங்கித் தருவதாகச் சொன்னார். சொன்னபோது அதை அவர் நம்பவும் செய்தார்.

கிளினிக்கில் இருந்த மருத்துவர் இளம்பெண். மகள் வயது. தலைத்துண்டில் சின்னச் சின்னப் பூக்கள். அவர் குப்பியைக் கொடுத்ததற்காக முதலில் பாராட்டினாள். நன்றாகப் படித்தவர்களே பயந்துகொண்டு கொடுப்பதில்லை, அங்கிள் நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டாள். அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்படியானால் இன்னும் தாமதிக்கக்கூடாது என்று சொல்லித் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

லியனார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொதுவாகத்தான் கேட்கிறேன் என்ற பீடிகையோடு, கட்டடத்தில் குத்தகைக்கு வேலை செய்கிற பெண் ஒருத்திக்கும் இரத்தம் போகிறதாம், அவளையும் இங்கேயே பார்க்க முடியுமா என்றார். முடியாது என்றாள் மருத்துவர், உண்மையான வருத்தத்தோடு. இது ஊழியர்களுக்கான திட்டம். அந்தப் பெண் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், அங்கே முதலிலிருந்து சோதனை செய்து, அவர்கள் எழுதிக் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டாயம் போகச் சொல்லுங்கள், அங்கிள்.

இன்னொன்றையும் கேட்டார். குப்பி மாறிப்போவது உண்டா?

மருத்துவரின் விரல்கள் நின்றன. "ஏன் அங்கிள், உங்களுடையதில் ஏதாவது குழப்பமா? அப்படி இருந்தால் நான் மேலே எழுத வேண்டியிருக்கும்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சொல்வதற்கு வாய் திறந்துதான் இருந்தது. பெர்னடெட்டின் முகம் வந்தது. பென்ஷன் வந்தது. சொன்னாலும் அவளை இங்கே எடுக்கப்போவதில்லையே என்ற எண்ணம் வந்தது. அதுதான் அவரை அதிகம் ஆறுதல்படுத்தியது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக, இல்லை டாக்டர், சும்மா கேட்டேன் என்றார். மறு வாரத்துக்குள் அவருக்குத் தேதி கிடைத்தது.

தங்கமணியிடம் முடியாது என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொன்னீர்களா என்று அவள் கேட்கவில்லை. அந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாள். அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. குத்தகை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கமலநாதன், எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்தால் அந்த மாத வருகைப்படி போய்விடும் என்பதை நினைவுபடுத்தினார். வருட முடிவில் குத்தகை வேறு நிறுவனத்துக்கு மாறப்போகிறது, புதியவர்கள் நோயாளிகளை எடுக்க மாட்டார்கள், அதனால் வெளியில் ரொம்பச் சொல்லிக்கொள்ளாதே என்றும் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். அவருக்கும் அதே குத்தகையில்தான் பிழைப்பு.

கிளினிக்கில் அவளுக்கும் ஒரு குப்பி கொடுத்தார்கள். இந்த முறை ஒட்டுத்தாளில் அவள் பெயரே இருந்தது. முடிவு அதே முடிவுதான். இரத்தம் குறைந்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அவளுக்குக் கிடைத்த தேதி தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாம் கழிந்து, அடுத்த வருடத்தில் இருந்தது. தனியார் மருத்துவமனையில் உடனே பார்த்துவிடலாம். லியனார்ட் விசாரித்துவிட்டு வந்து செலவைச் சொன்னபோது, பெர்னடெட் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். மகன் ஜோனத்தனின் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியிருந்தார்கள். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.

அவருடைய நாள் வந்தது. முந்தின நாள் முழுக்க மருந்துத் தண்ணீரைக் குடித்து, கழிப்பறையே கதியென்று கிடந்தார். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே போவதால் பயம் இருக்காது என்று நினைத்திருந்தார். பயம் இருந்தது. மணிக்கட்டில் அவர் பெயரை எழுதிய பட்டையைக் கட்டினார்கள். தாதி அவர் கையைத் தட்டிக்கொடுத்து, பக்கவாட்டில் படுக்கச் சொன்னாள்.

கண் விழித்தபோது பெர்னடெட் பக்கத்தில் இருந்தாள். சூடான மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மருத்துவ நிபுணர் வந்து திரையில் படம் காட்டினார். ஈரமான இளஞ்சிவப்புச் சுவரில் காளான்போல இரண்டு சதைக்கட்டிகள் முளைத்திருந்தன. அங்கேயே வெட்டி எடுத்தாயிற்று என்றார். இப்போது அவை ஒன்றுமில்லை, விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாக மாறியிருக்கும். அந்தக் குப்பி காட்டிக்கொடுத்தது உங்கள் அதிர்ஷ்டம், மிஸ்டர் லியனார்ட்.

பெர்னடெட் நிபுணரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். லியனார்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். மயக்க மருந்து தெளியும்போது சிலர் அப்படித்தான் அழுவார்கள் என்று தாதி பெர்னடெட்டைத் தேற்றினாள்.

எம்.சி. முடிந்து வேலைக்கு வந்ததும் தங்கமணியைத் தேடிப் போனார். அவள் மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முதலில் அவள்தான் கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று. அவர் ஒளிக்கவில்லை. இரண்டு இருந்ததையும் எடுத்ததையும் சொன்னார். உங்களால்தான் நான் பிழைத்தேன் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"நல்ல வேளண்ணே" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் பாத்துட்டாங்களே" என்றாள். பிறகு வாளியைத் தூக்கினாள். அவர் அதை வாங்கப் போனார். யாராவது பார்த்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அவள் தரவில்லை.

அதற்குப் பிறகு அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். பச்சைச் சீருடைக் காற்சட்டையை இடுப்பில் ஊக்குப் போட்டுப் பிடித்திருந்தாள். குளிர்பெட்டியில் அவளுடைய சோற்றுப் பொட்டலம் சாயங்காலம் வரைக்கும் பிரிக்காமல் கிடந்த நாட்கள் உண்டு. தேதியை முன்னால் தள்ள முடியுமா என்று வாணி ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை நேரில் போய்க் கேட்டாள். யாராவது வராமல் விட்டால் கூப்பிடுவோம் என்றார்கள். யாரும் வராமல் விடவில்லை போலும். வலி தாங்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். தாங்க முடியாத வலி என்றால் எது என்று தங்கமணிக்குத் தெரியவில்லை. எதையும் தாங்கியே பழகிவிட்டாள்.

வருட இறுதியில் பல்கலைக்கழகம் விழிப்புணர்வு இயக்கத்தின் நிறைவு விழாவை நடத்தியது. மண்டபத்தில் பலூன், பதாகை, ஊழியர்களுக்குத் துணிப்பை, தண்ணீர்ப் போத்தல், வேலைநாளிலேயே பிரியாணி. மாதவிதான் நிகழ்ச்சி நெறியாளர். இயக்கத்தால் உயிர் பிழைத்த ஒருவர் பேச வேண்டும் என்று டீன் விரும்பினார். லியனார்ட் முதலில் மறுத்தார். அங்கிள் பேசினால் இன்னும் பத்துப் பேர் குப்பியைக் கொடுப்பார்கள், அதுவும் புண்ணியம்தானே என்றாள் மாதவி. அவர் ஒப்புக்கொண்டார்.

மேடையில் எழுதிக்கொடுத்ததைப் படித்தார். நானும் பயந்தேன், ஆனால் சோதனையைத் தள்ளிப்போடவில்லை, சீக்கிரம் கண்டுபிடித்ததால் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். முன்வரிசையில் டீன் தலையை ஆட்டினார். கடைசி வரிசைக்குப் பின்னால் தங்கமணி சாப்பிட்ட தட்டுகளைக் கறுப்புப் பையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். கதவோரம் நின்ற கமலநாதன் விரலை அசைத்தார். எழுந்துவிட்டாள்.

"கடைசியா ஒரு கேள்வி, அங்கிள்" என்று மாதவி ஒலிவாங்கியை நீட்டினாள். "உங்க உயிரக் காப்பாத்துனதுக்கு நீங்க யாருக்கு நன்றி சொல்ல விரும்புறீங்க?"

லியனார்ட் மண்டபத்தின் கடைசிக்குப் பார்த்தார். தங்கமணியும் நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். மண்டபம் காத்திருந்தது. அந்த ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் உடம்பு முழுவதும் துடித்தது.

"டீனுக்கு" என்றார். "கிளினிக் டாக்டருக்கு. அப்புறம் என் மனைவிக்கு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. டீன் மேடைக்கு வந்து அவர் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றார். கடைசி வரிசைக்குப் பின்னால் தங்கமணியும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். மஞ்சள் ரப்பர் கையுறைகளைக் கழற்றவில்லை. ஈரமும் பிரியாணி எண்ணெயும் பட்டிருந்த அந்தக் கைகளிலிருந்து சத்தம் வரவில்லை. எல்லாரும் உட்காரும் வரைக்கும் தட்டிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.